முள்ளெலிக் கள்ளி பூக்க வேண்டுமா? குளிர்காலத்தில் அதைத் தொடாதீர்கள்

செடி ஒரு எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதன் தலையில் பூக்கும் பூ செடியையே மறைத்துவிடும். அடர்ந்த ரோஸ் நிற இதழ்கள், அடிப்பக்கம் போகப்போக வெளுத்து, நடுவில் மஞ்சள் மகரந்தம் நிரம்பி, அந்த மஞ்சளுக்குள்ளிருந்து பச்சைப் பசேலென்று ஒரு சின்னக் கொத்து விரல் விரித்த மாதிரி எட்டிப் பார்க்கும். அதுதான் சூல்முடி, மகரந்தம் வந்து ஒட்டும் இடம். அந்தப் பச்சையைப் பார்த்தாலே இது எக்கினோசீரியஸ், அதாவது முள்ளெலிக் கள்ளி, என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். காலையில் வெயில் ஏறியதும் விரிந்து, சாயங்காலம் குவிந்து, மறுநாள் மறுபடி விரியும். மொத்தம் மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் நான் காப்பியை எடுத்துக்கொண்டு தொட்டிகள் பக்கம்தான் நிற்பேன்.

இந்தச் செடி வைத்திருக்கும் நண்பர்கள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். மூன்று வருஷமாக வைத்திருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது, பூக்கவே மாட்டேன் என்கிறதே, என்ன உரம் போடலாம்? நான் உரத்தைப் பற்றிப் பேசவே மாட்டேன். டிசம்பர் மாதம் செடி எங்கே இருந்தது என்று கேட்பேன். ஹாலில், ஜன்னல் ஓரத்தில், ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும் அறையில், வாரம் ஒரு டம்ளர் தண்ணீரோடு இருந்திருக்கும். பூக்காததற்கு அதுதான் காரணம். எக்கினோசீரியஸ் வசந்தத்தில் பூப்பதற்கான முடிவைக் குளிர்காலத்தில் எடுக்கிறது. இரண்டு மூன்று மாதம் குளிரும் தண்ணீரில்லாத வறட்சியும் சேர்ந்து கிடைத்தால்தான் மொட்டு. கீழே எழுதியிருக்கும் மற்ற எல்லாமே, மண், தொட்டி, வெயில் எல்லாமே, செடி அந்த மூன்று மாதத்தை உயிரோடு தாண்டுவதற்கான ஏற்பாடுகள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது டெக்சஸில், டல்லாஸ் பக்கம். இந்தக் கள்ளிகளின் சொந்த ஊரே அமெரிக்காவின் தென்மேற்கும் மெக்சிகோவும்தான், அதனால் எனக்குப் பாதி வேலையை வானிலையே செய்துவிடுகிறது. 1848இல் ஜார்ஜ் எங்கல்மன் என்ற செயின்ட் லூயிஸ் நகர மருத்துவர் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார். எக்கினோஸ் என்றால் கிரேக்கத்தில் முள்ளெலி. நம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து வறண்ட காடுகளில் சுருண்டு கிடக்கும் முள்ளெலியைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் உடனே விளங்கும். அறுபதுக்கு மேல் இனங்கள் உண்டு, ஆனால் தொடங்குகிறவருக்கு நான்கைந்து போதும்.

எதில் தொடங்குவது

ரைக்கன்பாக்கியை என்ற இனத்தில். இங்கே இதை லேஸ் காக்டஸ் என்பார்கள், முட்கள் உடம்போடு ஒட்டிப் படிந்து லேஸ் துணி போர்த்திய மாதிரி இருக்கும். டெக்சஸ், ஓக்லஹோமா பாறை மேடுகளில் தானாகவே வளர்வது, பனியும் தாங்கும், நூறு டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலும் தாங்கும், விதையிலிருந்து வளர்த்தாலே மூன்று நான்கு வருஷத்தில் பூத்துவிடும். முதல் செடி இதுவாக இருந்தால் மனசு விட்டுப்போகாது.

எல்லோரும் ஆசைப்படுவது ரிஜிடிஸிமஸ் ரூபிஸ்பைனஸ். வடமேற்கு மெக்சிகோ மலைகளின் செடி. முள்ளே ரோஸ் நிறம், ஒவ்வொரு வருஷ வளர்ச்சியும் ஒரு நிற வளையமாக ஏறிக்கொண்டே போகும். விரலால் தடவினாலும் குத்தாது, சீப்புப் பற்கள் மாதிரி இரண்டு பக்கமும் படிந்திருக்கும். அழகுக்கு இதை அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, ஆனால் வேர் ரொம்ப மென்மை, ஒரு தடவை தவறான நேரத்தில் தண்ணீர் ஊற்றினால் அடியிலிருந்து அழுகத் தொடங்கிவிடும். இரண்டாவது வருஷம் வாங்குங்கள். நான் அவசரப்பட்டு முதல் வருஷமே வாங்கி, டிசம்பரில் நான்கு நாள் வெயில் நன்றாக அடித்ததே என்று கொஞ்சம் தண்ணீர் விட்டேன். ஜனவரியில் மேலே பார்க்க எல்லாம் சரியாக இருந்தது, தூக்கிப் பார்த்தால் தலை மட்டும் கையோடு வந்தது, அடிப்பாகம் காப்பித்தூள் மாதிரி தொட்டியிலேயே நின்றுவிட்டது.

பென்டலோஃபஸ் தெற்கு டெக்சஸ், மெக்சிகோ பக்கத்துச் செடி. விரல் பருமனில் தரையோடு படர்ந்து போகும், மிருதுவான உடம்பு, பூ உள்ளங்கை அகலம். வேகமாக வளரும், கிளையை ஒடித்து வைத்தாலே வேர் பிடிக்கும். கடுங்குளிர் மட்டும் ஆகாது. விரிடிஃப்ளோரஸ் இதற்கு நேர் எதிர், வடக்கே தெற்கு டகோட்டா வரைக்கும் பனிக்கடியில் வாழ்கிற செடி. பூ சின்னது, பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம், உச்சியில் வராமல் பக்கவாட்டில் வரும். படத்தில் பார்த்தால் யாருக்கும் பிடிக்காது. மூக்கைக் கொண்டுபோனால் எலுமிச்சை வாசம் அடிக்கும்.

அப்புறம் கிளாரட் கப் எனப்படும் ட்ரைகுளோக்கிடியேட்டஸ். ரத்தச் சிவப்பு, மெழுகில் செய்த மாதிரி கெட்டியான இதழ். தேனீயைவிட ஹம்மிங்பேர்டுக்காகவே அமைந்த பூ. மற்ற பெரும்பாலான இனங்கள் ராத்திரியில் குவிந்துவிடும், இது குவியாது. கொலராடோ மாநிலம் 2014இல் இதைத் தன் மாநிலக் கள்ளியாக அறிவித்தது. காட்டில் நூற்றுக்கணக்கான தலைகளோடு பெரிய மெத்தை மாதிரி இருக்கும். ஆனால் இதற்குப் பொறுமை வேண்டும், விதையிலிருந்து என்றால் பூக்க எட்டுப் பத்து வருஷம்கூட ஆகலாம். வளர்ந்த செடியாக வாங்குவது நல்லது.

வாங்கும்போது

பெரிய கடைகளில் தலையில் பூவோடு விற்கும் சின்னக் கள்ளிகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் பல, காய்ந்த காகிதப் பூவைச் சூடான பசையால் ஒட்டியது. தொட்டால் சரசரவென்று இருக்கும், வாரக்கணக்கில் வாடாது. பசையைப் பிய்த்தால் செடியின் தோலும் சேர்ந்து வரும், அதனால் வாங்கியிருந்தாலும் பிய்க்காமல் விட்டுவிடுங்கள், தானாக உதிரட்டும்.

கள்ளிக்கென்றே இருக்கும் சிறு நர்சரிகளிலும், கள்ளிச் சங்கங்கள் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை நடத்தும் விற்பனைகளிலும் வாங்குங்கள். பெயர்ச் சீட்டு இருக்கும், விதையிலிருந்து வளர்த்தது என்று தெரியும், வளர்த்தவரிடமே கேட்கலாம். காட்டில் தோண்டி எடுத்த செடியை வாங்கவே வாங்காதீர்கள். அடிப்பாகம் கரடுமுரடாகப் பட்டை பிடித்து, ஒரு பக்கம் வெளுத்து, வேர் குட்டையாக வெட்டப்பட்டு, ஒரே அளவில் இல்லாமல் பழைய காயங்களோடு இருந்தால் சந்தேகப்படுங்கள். நியூ மெக்சிகோவின் குயென்ஸ்லர் முள்ளெலிக் கள்ளி 1979இல் அமெரிக்க அரசின் அழிவாபத்துப் பட்டியலில் சேர்ந்ததற்குச் சேகரிப்பாளர்கள் தோண்டி எடுத்ததும் ஒரு காரணம். நம்மைப் போன்ற ஆசைக்காரர்கள்தான் அந்தச் சேகரிப்பாளர்கள். இதை நான் லேசாகச் சொல்லவில்லை. காட்டில் பார்க்க ஆசையா, மே மாதத்தில் ஓக்லஹோமாவின் விச்சிட்டா மலைக்குப் போங்கள். கருங்கல் பாறையின் விரிசலில் வெள்ளை முள்ளும் பொன்னிற முள்ளுமாக ரைக்கன்பாக்கியையின் பெய்லியை வகை நிற்கும். பாருங்கள், படம் எடுங்கள், அப்படியே விட்டுவிட்டு வாருங்கள்.

வந்த செடியை மண் மாற்றுவது

இதுதான் புதியவர்கள் தள்ளிப்போடுகிற வேலை, தள்ளிப்போடக் கூடாத வேலையும் இதுதான். கடைச் செடிகள் பெரும்பாலும் பீட் மண்ணில், அதாவது சதுப்பு நிலத்துப் பாசி மக்கிய மண்ணில் வரும். அது ஈரமாக இருந்தால் நாள்கணக்கில் காயாது, காய்ந்துவிட்டால் கல் மாதிரி இறுகித் தண்ணீரை உள்ளே விடாது. இரண்டுமே இந்த வேருக்கு ஆகாது.

தொட்டியைத் தட்டிச் செடியை வெளியே எடுங்கள். பிடிக்க நாளிதழை நான்காக மடித்துச் செடியைச் சுற்றிப் பட்டை மாதிரி போட்டுக்கொள்ளலாம், கையுறையைவிட அது வசதி. பழைய மண்ணை ஒரு குச்சியால் மெதுவாக உதிர்க்க வேண்டும். நடுவில் ஒரு வலைப்பை மாதிரி இருந்தால், நாற்று விட்ட காலத்துப் பை அது, கத்தரித்து எடுத்துவிடுங்கள். வேரில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறதா என்று நன்றாகப் பாருங்கள், அது வேர் மாவுப்பூச்சி. இருந்தால் மண்ணை முழுக்கக் கழுவிவிட்டு வேரை ஆல்கஹாலில் நனைத்த தூரிகையால் துடைத்துக் காயவிடுங்கள். வேரைக் குடைந்து எடுத்த செடியை இரண்டு மூன்று நாள் நிழலில் சும்மா கிடத்தலாம், ஒன்றும் ஆகாது. காயம் காய்வதுதான் முக்கியம்.

கலவைக்கு நான் போடுவது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கல், மீதிதான் மண். கல் என்றால் பியூமிஸ் என்ற துளைத்துளையான எரிமலைக் கல் ஒரு பங்கு, கருங்கல் குருணை ஒரு பங்கு. கருங்கல் குருணையை நான் கோழித்தீவனக் கடையில் மூட்டையாக வாங்குகிறேன், கோழிகளின் இரைப்பைக்காக விற்பது, விலையும் குறைவு. பக்கத்திலேயே சிப்பித்தூள் மூட்டை ஒன்று அதே மாதிரி இருக்கும், மாற்றி எடுத்துவிடாதீர்கள், அது முழுக்கச் சுண்ணாம்பு. குருணை 3 முதல் 6 மி.மீ. அளவில் இருக்கட்டும், சலித்துத் தூளைக் கொட்டிவிடுங்கள். கட்டட மணல், குழந்தைகள் விளையாடும் நைஸ் மணல் இரண்டும் வேண்டாம். வடிகாலுக்கு மணல் நல்லது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள், நைஸ் மணல் இடைவெளிகளை அடைத்துச் சிமென்ட் மாதிரி ஆக்கிவிடும்.

தொட்டி செடியைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக இருந்தால் போதும். நிறையத் தண்ணீர் ஊற்றும் கை உங்களுக்கு என்றால் மண் தொட்டி, மறந்துபோகும் கை என்றால் பிளாஸ்டிக். பழைய மட்டத்துக்கு மேல் புதைக்காதீர்கள், கழுத்தைச் சுற்றிக் கல் மட்டும் இருக்கும்படி ஒரு அங்குலம் பரப்புங்கள். நட்ட பிறகு ஒரு வாரம் தண்ணீர் கிடையாது. எனக்குத் தெரிந்து செத்த புதுச் செடிகளில் பாதி, நட்ட அன்றைக்கே ஆசையாக ஊற்றிய தண்ணீரில்தான் செத்தன.

வெயில்

நாளைக்கு ஆறு மணி நேரம் நேர் வெயில், அதற்குக் குறைந்தால் பூவை மறந்துவிடலாம். வெயில் போதாத செடி உச்சியில் கூம்பாக நீண்டு வெளிர் பச்சையாகும், அந்த இளைப்பு பிறகு சரியாகாது. ஆனால் கடையின் கூரைக்கடியில் இருந்த செடியை வந்த அன்றே திறந்த வெயிலில் வைத்தால் இரண்டு நாளில் தோல் வெந்து வெளிறிவிடும், அந்தத் தழும்பும் போகாது. பச்சை வலையின் கீழ் இரண்டு மூன்று வாரம் வைத்து, பிறகு காலை வெயிலுக்கு மட்டும் எடுத்து, அப்புறம் முழு வெயிலுக்குப் பழக்குங்கள்.

தண்ணீர்: எப்போது ஊற்றுவது, எப்போது நிறுத்துவது

மார்ச்சில் ராத்திரிக் குளிர் 8, 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாமல் நிலைத்ததும் முதல் தண்ணீர். அதுவும் ஒரேயடியாக வேண்டாம், முதல் தடவை ஸ்ப்ரேயர் வைத்து லேசாக, ஒரு வாரம் கழித்துப் பாதித் தொட்டி நனையும்படி, அதற்கப்புறம்தான் அடியில் வழியும்வரை. குளிர்காலம் முழுக்கக் காய்ந்த செடியின் நுனி வேர்கள் நிறையப் போயிருக்கும், அவை திரும்ப முளைக்க நேரம் கொடுக்க வேண்டும்.

ஏப்ரலிலிருந்து ஜூன் வரை நன்றாகக் குடிக்கும். நிறைய ஊற்றி, முழுக்கக் காயவிட்டு, மறுபடி நிறைய ஊற்ற வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டால் சொல்ல முடியாது, தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், கனம் குறைந்தது கைக்குத் தெரியும். இரண்டு வாரத்தில் பழகிவிடும். எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், முள்ளிலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் படியும், அதனால் முடிந்தவரை மழைத்தண்ணீரைப் பிடித்து வைக்கிறேன். உரம் என்றால் தக்காளிக்குப் போடும் தழைச்சத்துக் குறைந்த உரத்தைச் சொன்னதில் கால் பங்கு கரைத்து, இந்த மூன்று மாதத்தில் இரண்டு தடவை. தழைச்சத்து அதிகமானால் செடி ஊதிப் பெருத்து, தோல் மெலிந்து, குளிரில் வெடித்துவிடும்.

ஜூலை, ஆகஸ்டில் இங்கே பகல் 38, 40 டிகிரி, ராத்திரியும் இறங்காது. அப்போது செடி பாதித் தூக்கத்தில் இருக்கும், தண்ணீரைக் குறைத்து, ஊற்றுவதையும் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சூடான கல்லில் மத்தியானம் ஊற்றிய தண்ணீர் வேரை அவித்துவிடும். செப்டம்பரில் இரண்டாவது வளர்ச்சி வரும், அப்போது மறுபடி நன்றாகக் கொடுக்கலாம்.

அக்டோபர் நடுவில் நிறுத்தம். நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, ஒரு சொட்டுக்கூட இல்லை. செடிகளை மழை படாத, வெளிச்சம் உள்ள, வெளிக்காற்றுப் படும் இடத்தில் வைக்க வேண்டும். நான் வைப்பது தெற்குப் பக்கக் கூரை நீட்டலுக்குக் கீழே. வெளியே வைக்க வழியில்லை என்றால் ஹீட்டர் போடாத கராஜின் ஜன்னல் ஓரம், கண்ணாடி போட்ட தாழ்வாரம், எதுவானாலும் சரி, 0 முதல் 10 டிகிரிக்குள் எட்டுப் பத்து வாரமாவது கிடைக்க வேண்டும்.

அப்போது செடி பார்க்கச் சகிக்காது. சுருங்கும், மண்ணுக்குள் இறங்கின மாதிரி ஆகும், நிறம் மங்கி ஊதா கலந்த பழுப்பாகும், பென்டலோஃபஸ் துவண்டு படுத்துவிடும். இது நோய் இல்லை. உடம்பிலுள்ள தண்ணீரை வெளியேற்றிச் சாற்றைக் கெட்டியாக்கிக்கொள்கிறது, கெட்டிச் சாறு சீக்கிரம் உறையாது, உறைந்தால்தானே திசு கிழியும். நாம் பாவம் பார்த்து ஊற்றும் தண்ணீர் அந்த ஏற்பாட்டைக் கலைத்துவிடுகிறது. ஒரு வருஷம் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார்கள். ஜனவரியில் நான் ஆபீஸ் போயிருந்தபோது, "என்னப்பா, இப்படிப் பட்டினி போட்டு வச்சிருக்க, பாவம் வாயில்லாத செடி" என்று எல்லாத் தொட்டிக்கும் செம்பு செம்பாக ஊற்றிவிட்டார்கள். அந்த வாரமே உறைபனி. ஏழு செடி போயிற்று. அம்மாவுக்கு என்னைவிட வருத்தம். அழுகிய செடி ஒன்றைக் குறுக்கே வெட்டிக் காட்டினேன், நடுத்தண்டு ஆரஞ்சு நிறமாகக் குழைந்திருந்ததைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்கள், அதற்கப்புறம் நான் ஊற்றப் போனாலும் "மார்ச் வந்துடுச்சா?" என்று கேட்பது அவர்கள்தான்.

காய்ந்த செடி எவ்வளவு தாங்கும் என்பதை 2021 பிப்ரவரியில் பார்த்தோம். டெக்சஸில் பரவலாக மின்சாரம் போன அந்த வாரத்தில் டல்லாஸில் மைனஸ் 19 டிகிரி வரை இறங்கியது. கூரைக்கடியில் காய்ந்து கிடந்த ரைக்கன்பாக்கியை ஒன்றுகூடச் சாகவில்லை, விரிடிஃப்ளோரஸ், கிளாரட் கப் இரண்டுக்கும் எதுவும் ஆகவில்லை. பென்டலோஃபஸ் அத்தனையும் வதக்கிய கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டது. ரூபிஸ்பைனஸைக் கராஜுக்குள் எடுத்திருந்தேன், அதனால் பிழைத்தது. ரைக்கன்பாக்கியை, விரிடிஃப்ளோரஸ், கிளாரட் கப் மூன்றையும் வெளியிலேயே விடலாம், ரூபிஸ்பைனஸை மைனஸ் 5க்குக் கீழே போகும் ராத்திரிகளில் உள்ளே எடுங்கள், பென்டலோஃபஸை உறைபனி என்று சொன்னதுமே எடுத்துவிடுங்கள்.

மொட்டு

பிப்ரவரி கடைசியிலிருந்து தினமும் பார்க்கத் தொடங்கலாம். லென்ஸ் இருந்தால் நல்லது. முள் கொத்து முளைக்கிற பஞ்சுப் புள்ளிக்குச் சற்று மேலே தோல் லேசாக உப்பும். மற்ற பல கள்ளிகளில் மொட்டு அந்தப் புள்ளியிலிருந்தே வரும், இங்கே உள்ளிருந்து தோலைக் கிழித்துக்கொண்டு வரும். முதல் தடவை பார்ப்பவர்கள் செடி வெடித்துவிட்டது, புழு வந்துவிட்டது என்று பயந்துவிடுவார்கள். கிழிசலுக்குள் கம்பளி போர்த்தின மாதிரி ஒரு சின்ன உருண்டை தெரிந்தால், அது பெரும்பாலும் பூ மொட்டு. அதே இடத்தில் குட்டிச்செடியும் வரலாம். கூர்மையாக, பழுப்பு முடியோடு இருந்தால் பூ, பச்சையாக உருண்டு உடனே முள் விரித்தால் குட்டி.

இந்த நேரத்தில் இரண்டு தப்பு செய்யக்கூடாது. ஒன்று, மொட்டைப் பார்த்த மகிழ்ச்சியில் தண்ணீரைக் கொட்டுவது. மொட்டு ஒரு செ.மீ. அளவு வரும்வரை லேசான ஈரம் போதும். இன்னொன்று, படம் எடுக்கவோ விருந்தாளிக்குக் காட்டவோ தொட்டியை உள்ளே கொண்டுபோவது. மொட்டு விட்ட தொட்டியைத் திருப்பக்கூட வேண்டாம், வெளிச்சம் குறைந்தால் அந்த மொட்டுகள் வளராமல் அப்படியே காய்ந்துவிடும். நடுவில் ஒரு வாரம் மேகமூட்டமாக இருந்தால் மொட்டு அசையாமல் நிற்கும், கவலைப்பட வேண்டாம், வெயில் வந்ததும் மூன்றே நாளில் இரண்டு மடங்காகும்.

பூச்சிகள்

மாவுப்பூச்சியை எல்லோருக்கும் தெரியும், 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையில் தொட்டு வைத்தால் போய்விடும். எக்கினோசீரியஸுக்கு உண்மையான எதிரி சிவப்புச் சிலந்திப்பேன். கண்ணுக்கு லேசில் தெரியாது. உச்சியின் இளம் தோல் பச்சை மங்கி, சாம்பல் கலந்த துரு நிறமாக மாறினால் அதுதான். காற்றோட்டமில்லாத சூடான இடத்தில் வேகமாகப் பரவும். வெள்ளைத் தாளைக் கீழே வைத்துச் செடியைத் தட்டுங்கள், விழுந்த புள்ளி நகர்ந்தால் உறுதி. கோடையில் வாரம் ஒருமுறை குழாயால் வேகமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுவது நல்ல தடுப்பு. வேப்பெண்ணெய்க் கரைசலைச் சாயங்காலத்தில் மட்டும் அடியுங்கள், எண்ணெய்ப் பூச்சோடு வெயிலில் நின்றால் தோல் வெந்துவிடும். பூச்சிக்கொல்லி எதையும் பூக்கும் காலத்தில் தொடாதீர்கள், பூவுக்கு வரும் தேனீக்கள் செத்துவிடும்.

தமிழ்நாட்டில் வைத்திருப்பவர்களுக்கு

நேர்மையாகச் சொல்கிறேன், சென்னையிலும் மதுரையிலும் இது கஷ்டம். ஜனவரி ராத்திரிகூட 20 டிகிரியை ஒட்டி நிற்கிறது, செடிக்குக் குளிர்காலம் வந்ததே தெரியாது. அதைவிடப் பெரிய தொல்லை, செடி காய்ந்து கிடக்க வேண்டிய அக்டோபர், நவம்பரில்தான் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. அதனால் அங்கே முதல் செலவு மழைக்குத் தடுப்பான ஒளிபுகும் கூரை. செடி உயிரோடு இருக்கும், முள்ளின் அழகு இருக்கும், பூ எப்போதாவது வரலாம். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் தாராளமாக முயற்சி செய்யலாம், டிசம்பர் ஜனவரியில் ஊட்டியில் உறைபனியே விழுகிறது. மழையை மட்டும் மறைத்துவிட்டால் அந்தக் குளிரே போதும். சமவெளிக்காரர்கள் பென்டலோஃபஸில் தொடங்குங்கள், பியூமிஸ் கிடைக்காவிட்டால் உடைத்துச் சலித்த செங்கல் குருணையும் கருங்கல் சிப்ஸும் போடலாம். இங்கிருந்து பெட்டியில் செடியைப் போட்டுக்கொண்டு வரும் யோசனை மட்டும் வேண்டாம். கள்ளிக் குடும்பம் கிட்டத்தட்ட முழுக்க, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அனுமதிப் பத்திரமும் தாவர நலச் சான்றும் இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது.

விதை

இரண்டாவது வருஷம் இதில் இறங்கிவிடுங்கள், இனி செடி வாங்கவே தேவையிருக்காது. பெரும்பாலான இனங்கள் தன் மகரந்தத்தில் தானே காய்க்காது, அதனால் ஒரே இனத்தில் இரண்டு வெவ்வேறு செடிகள் ஒரே நேரத்தில் பூக்க வேண்டும். ஒரு செடியை ஒடித்து வைத்து வந்த இரண்டு தொட்டிகள் கணக்கில் சேராது. மத்தியானம், பூ நன்றாக விரிந்திருக்கும்போது, சின்னப் பெயின்ட் தூரிகையால் ஒன்றின் மகரந்தத்தைத் தொட்டு மற்றதன் பச்சைச் சூல்முடியில் தடவுங்கள். பிடித்திருந்தால் வாடிய பூவுக்கு அடியில் காய் உப்பும். காய் முழுக்க முள்தான், பழுத்ததும் அந்த முட்கள் தானே உதிரத் தொடங்கும், அதுதான் பறிக்கும் பக்குவம். மேற்கு டெக்சஸில் வளரும் ஸ்ட்ராமினியஸ் இனத்தின் பழம் ஸ்ட்ராபெரி மாதிரி ருசிக்கும், அங்கே இதைப் பிடாயா என்று சாப்பிடுவார்கள்.

விதையைச் சக்கையிலிருந்து கழுவிக் காயவைத்து, அடுத்த வசந்தத்தில் விதையுங்கள். அதே கல் கலவையைச் சலித்து நுணுக்கமாக எடுத்து, கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு, சின்னத் தொட்டியில் நிரப்பி, விதையை மேலே தூவி, மூடாமல், தொட்டியோடு ஜிப் பையில் போட்டு மூடுங்கள். 20 முதல் 28 டிகிரி வெப்பம், நேர் வெயில் படாத வெளிச்சம். ஒன்றிரண்டு வாரத்தில் கடுகு அளவில் பச்சை உருண்டைகள் தெரியும். பாசியோ பூஞ்சையோ வராதவரை இரண்டு மாதம் பையைத் திறக்கவே வேண்டாம், அப்புறம் ஒரு மூலையை மட்டும் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள். முதல் குளிர்காலத்தில் மட்டும் குட்டிகளுக்கு விதிவிலக்கு, உள்ளே வைத்து மாதம் ஒருமுறை லேசாக ஈரம் காட்டலாம், உடம்பில் சேமிப்பு இல்லாததால் பெரிய செடி மாதிரி அவை காய்ந்து கிடக்க முடியாது.

விதைத்த அன்றைக்கே பெயர்ச் சீட்டு வையுங்கள். தாய் எது, தகப்பன் எது, தேதி என்ன என்று பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் மை இரண்டு கோடையில் வெளுத்துவிடும், பென்சில் எழுத்து பத்து வருஷமானாலும் அப்படியே இருக்கும்.